மூன்றரைத் தொன்னுக்கு மேலே

என் கணவர் சுவிசில், பீல் நகரத்தில், ஒரு மரக்கறி மொத்த வியாபாரிக்கு லொறி ஓடியவர். சனிக்கிழமைகளில் எங்களுக்கு இன்னொரு தொழில் இருந்தது. தமிழ்க் கல்யாணங்களுக்கு மணவறை கட்டிக் கொடுப்போம். தூண்கள், கூரை, கதிரைகள், பட்டுத்துணிகள், விளக்குகள் எல்லாவற்றையும் ஒரு பெரிய இழுவை வண்டியில் ஏற்றி, பழைய மோட்டர் ஹோம் ஒன்றின் பின்னால் கொழுவிக்கொண்டு போவோம். அந்த இழுவை வண்டியை இங்கே எல்லோரையும் போல நாங்களும் 'அன்ஹெங்கர்' என்றுதான் சொல்லுவோம். பரிசிலோ ஜெர்மனியிலோ கல்யாணமென்றால் மோட்டர் ஹோமிலேயே சமைத்து, படுத்து, அடுத்த நாள் கழற்றிக்கொண்டு வருவோம். ஓடுவது அவர். பக்கத்தில் இருந்து பூமாலைகளைத் தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொள்வது நான்.

2014ஆம் ஆண்டுக் கோடையில், திரிம்பாக்கில் ஒரு மண்டபத்தில் மணவறை கட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஏணியிலிருந்து விழுந்தார். கால் தவறி விழுந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கண்கள் மேலே செருகி, கையும் காலும் உதறிக்கொண்டிருந்தன. வாழ்க்கையில் அன்றுவரை அவருக்கு வலிப்பு வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் தலையைப் படம் பிடித்தார்கள், கம்பிகள் ஒட்டிப் பார்த்தார்கள். மருந்து எழுதிய டொக்டர் கடைசியாக, இனி வாகனம் ஓடக்கூடாது என்றார்.

"எவ்வளவு காலத்துக்கு?" என்று இவர் ஜெர்மனில் கேட்டார்.

வலிப்பு திரும்ப வராவிட்டால் சின்னக் காரைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றார் டொக்டர். பாரவாகனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இவர் அதைக் கேட்கவும் இல்லை.

மரக்கறிக் கம்பனி அவரை வேலையால் நிற்பாட்டவில்லை. லொறியிலிருந்து இறக்கிக் களஞ்சியத்துக்குள் விட்டது. முன்பு தான் ஓடிய லொறிக்கு இப்போது பெட்டிகளை அடுக்கிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருப்பார், எழும்புவார், பல்கனிக்குப் போய்க் கீழே நிற்கும் மோட்டர் ஹோமைப் பார்ப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கால் தரையை அமத்திக்கொண்டிருக்கும்.

நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, இடுக்கியால் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் வேலை. மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும். அந்த நாட்களில் என் கையும் நடுங்கத் தொடங்கியது. மேற்பார்வை செய்த பெண் இரண்டு தரம் வந்து, என்ன, சுகமில்லையா என்று கேட்டாள்.

ஒப்புக்கொண்ட கல்யாணங்கள் இருந்தன. இவருடைய சிநேகிதர் ஒருவர், அவரும் லொறி ஓடுபவர், சனிக்கிழமைகளில் வந்து உதவினார். மாரி முழுவதும் அப்படியே போனது. அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை காலை, எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு, அவரிடமிருந்து போன் வந்தது. கம்பனி திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டுவிட்டதாம், வர முடியாதாம்.

நான் போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். இவர் ஏற்கெனவே ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தார். பெல்ட் போட்டிருந்தார்.

"இறங்குங்கோ," என்றேன்.

"ஒண்டும் நடக்காது. ஒழுங்கா மருந்து குடிக்கிறன்தானே. எத்தினை மாதமாச்சு."

"லைசன்சும் இல்லை. இறங்குங்கோ."

"ஓல்டனுக்குத்தானே போறம். கண்ணை மூடிக்கொண்டு ஓடுவன்."

"அதுக்குத்தான் பயப்பிடுறன்."

அவர் சிரிக்கவில்லை. "நீர் வராட்டி இரும். நான் தனியப் போறன்," என்று திறப்பைத் திருப்பினார்.

நான் வாகனத்தின் முன்னால் போய் நின்றேன். கையில் போன் இருந்தது. "நகர்ந்தால் பொலிசுக்கு அடிப்பன்," என்றேன். கத்தவில்லை. என் குரல் எனக்கே வேறொருவருடைய குரலாகக் கேட்டது. எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கிழவர் பல்கனிக்கு வந்து பார்த்தார். அவர் பார்க்கிறார் என்றுதானோ தெரியாது, இவர் என்ஜினை நிறுத்தினார். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, என்னைப் பார்க்காமலே அன்ஹெங்கரின் பின்கதவைத் திறக்கப் போனார்.

என்னிடம் சாதாரணக் கார் லைசன்ஸ் இருந்தது. எங்கள் சின்னக் காரில் எது ஏறுமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். துணிகள் ஏறின, விளக்குகள் ஏறின. தூண்கள் ஏறவில்லை. மண்டபத்தின் சுவரில் துணியை மடிப்பு மடிப்பாகக் குத்தி, முன்னால் கதிரைகளைப் போட்டு ஒப்பேற்றினோம். கல்யாணப் பொம்பிளையின் மாமி வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, தூணெல்லாம் எங்கை?"

நான் ஏதோ சொன்னேன். இவர் வெளியே போய்க் கார் தரிப்பிடத்தில் நின்றார். தாலி கட்டும் வரைக்கும் உள்ளே வரவில்லை.

திங்கட்கிழமை நான் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். என் லைசன்ஸ் அட்டையை நீட்டி, எங்கள் மோட்டர் ஹோமின் பத்திரத்தையும் அன்ஹெங்கரின் பத்திரத்தையும் காட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். என்னுடைய லைசன்ஸ் மூன்றரைத் தொன் வரைக்கும்தான். எங்கள் மோட்டர் ஹோம் அதைவிடப் பாரம் கூடியது. அதற்கு C1 என்ற பிரிவு எடுக்க வேண்டும். அதை எடுத்தாலும் பின்னால் எழுநூற்றைம்பது கிலோ அன்ஹெங்கர் மட்டுமே கொழுவலாம். எங்களுடையது அதன் இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே அதற்கு மேலே E என்று இன்னொரு சோதனை.

"இரண்டையும் சேர்த்து ஒரேயடியாகச் செய்யலாமா?" என்று கேட்டேன்.

"ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது," என்றார். பிறகு என்னை ஒரு கணம் பார்த்து, "அல்லது சின்ன அன்ஹெங்கர் வாங்கலாம்," என்றார்.

சின்ன அன்ஹெங்கரில் மணவறைக் கூரை போகாது என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது இவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"நீரோ?"

"ஓம்."

"லொறிப் பெடியளே அந்தச் சோதினையிலை விழுறவங்கள்."

"நான் லொறிப் பெடியன் இல்லையே."

 அடுத்த நாள் தன்னுடைய பழைய தியரிப் புத்தகத்தைத் தேடி எடுத்து மேசையில் வைத்திருந்தார்.

சோதனைக்கு முதல் நான் டொக்டரிடம் போய்க் கண், காது, இரத்த அழுத்தம் பார்க்க வேண்டியிருந்தது. தியரியை வேலை இடைவேளைகளில் படித்தேன். பாரவாகனங்களின் நீளம், உயரம், பிரேக் சூடேறினால் என்ன செய்வது, பாரத்தை எப்படிக் கட்டுவது. ஜெர்மன் சொற்கள் ஒவ்வொன்றும் ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கொழுவி நீண்டு கிடந்தன. பஸ்சிலும் வாசித்தேன். இறங்க வேண்டிய தரிப்பிடத்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறேன். எதையும் முழுதாகச் செய்து முடிக்க முடியாத காலம் அது. கறியை அடுப்பில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பேன், புத்தகத்தை விட்டுவிட்டுப் பல்கனிக்குப் போவேன். அங்கே இவர் நிற்பார்.

தியரியும் C1 சோதனையும் பெரிய கஷ்டமில்லாமல் முடிந்தன. என்னைப் பாடாய்ப் படுத்தியது அன்ஹெங்கர்தான்.

எனக்கு வாகனம் ஓடப் பழக்கியவள் என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். பேர்ன் மலைப்பக்கத்தில் மரம் ஏற்றிய லொறி ஓடியவள். ஒரு தொழிற்பேட்டையின் பின்புறத் திடலில் கூம்புகளை வைத்துவிட்டு, "பின்னுக்கு எடு," என்பாள். நான் வலப்பக்கம் திருப்பினால் அன்ஹெங்கர் இடப்பக்கம் போகும். சரிப்படுத்தப் போனால் இன்னும் வளையும். கடைசியில் வாகனமும் அன்ஹெங்கரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

"ஸ்டியரிங்கைக் கீழே பிடி," என்றாள் அவள். "பின்பக்கம் எங்கே போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் கொண்டு போ. யோசிக்காதே."

யோசிக்காமல் இருப்பதுதான் எனக்கு வராதது.

இவர் வேலை முடிந்து சைக்கிளில் அந்தத் திடலுக்கு வரத் தொடங்கினார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இல்லாத ஸ்டியரிங் ஒன்றைக் காற்றில் திருப்பிக்கொண்டிருப்பார். நான் பிழையாகத் திருப்பினால் தலையில் கைவைப்பார். நான் கண்ணாடியில் அன்ஹெங்கரைப் பார்க்க வேண்டும், ஆனால் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் அவள் இறங்கிப் போய் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"இங்கே இரண்டு பேர் ஒரு வாகனத்தை ஓட முடியாது என்று சொன்னேன்."

வீட்டில் அவர் அன்று தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார். 

சோதனை நாளில் பின்னுக்கு எடுப்பது நன்றாகவே வந்தது. கொழுவுவதும் கழற்றுவதும் சரி. ஊருக்குள் ஒரு வட்டச் சந்தியில்தான் விழுந்தேன். கொஞ்சம் முந்தித் திருப்பிவிட்டேன். அன்ஹெங்கரின் பின்சில்லு நடைபாதையில் ஏறி இறங்கியது. சோதனை எடுத்தவர் குரலை உயர்த்தவில்லை. "அங்கே ஒரு பிள்ளை நின்றிருந்தால்?" என்று மட்டும் கேட்டார். அங்கே எவரும் நிற்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையை நான் அதன் பிறகு பல நாட்கள் கண்டேன்.

வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்தேன். இவர் கேட்கவில்லை, என் முகமே சொல்லியிருக்கும். முதுகைத் தடவி, "முதல்தரம்தானே," என்றார். அவர் குரலில் ஒரு ஆறுதல் இருந்தது. அது எனக்குத் தருகிற ஆறுதல் இல்லை, அவருக்கு வந்த ஆறுதல்.

"உங்களுக்குச் சந்தோசமோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் மறுக்கவில்லை. ஜன்னலண்டை போய் நின்றார்.

"நீர் பாஸ் பண்ணினால் பிறகு நான் என்னத்துக்கு?" என்றார். "களஞ்சியத்திலை பெட்டி அடுக்கிறன். வீட்டிலை மருந்து குடிக்கிறன். அந்த வாகனம் ஒண்டுதான் என்ரை எண்டு இருந்தது."

"வாகனத்தை ஆர் உங்களிட்டை இருந்து பறிக்கினம்? நிண்ட இடத்திலை துருப்பிடிக்க விடுவமோ?"

"தெரியேல்லை," என்றார். "எனக்குத் தெரியேல்லை."

  

இரண்டாவது முறை பாஸ் பண்ணினேன். முதல் கல்யாணங்கள் பீலுக்குக் கிட்ட இருந்ததால் பயம் குறைவு. அவர் பக்கத்து ஆசனத்தில் இருந்து, தன் பக்கக் கண்ணாடியைப் பார்த்து, "வலப்பக்கம் ஆள் இல்லை... இப்ப வாறான்... போட்டான்," என்று சொல்லிக்கொண்டே வருவார். நான் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன் அவர் கால் கீழ்த்தகட்டை மிதித்துவிடும். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கும். அவருடைய சின்னக் கார் லைசன்ஸ் திரும்பி வரும் போலிருந்தது. டொக்டர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தார்.

அப்படியொரு சனிக்கிழமை கல்யாணம் டீட்டிகோனில். பட்டப்பகல் முகூர்த்தம். சூரிச்சில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளும் ரயிலில் அங்கே வருவதாக இருந்தது. அன்ஹெங்கர் கொழுவினால் நெடுஞ்சாலையில் எண்பதுக்கு மேல் போக முடியாது. லொறிகளின் வரிசையில் நானும் போய்க்கொண்டிருந்தேன். ஏகர்கிங்கன் தாண்டி ஓல்டன் பக்கமாக வரும்போது, இவருடைய குரல் நின்றுவிட்டதைக் கவனித்தேன். நித்திரை என்று நினைத்தேன். பிறகு ஒரு சத்தம். தொண்டைக்குள் இருந்து வருகிற, மனிதச் சத்தம் மாதிரியே இல்லாத ஒன்று.

திரும்பிப் பார்த்தேன். பெல்ட்டுக்குள் அவர் உடம்பு விறைத்து உதறிக்கொண்டிருந்தது. தலை ஜன்னல் கண்ணாடியில் அடிபட்டது.

என் முழு உடம்பும் பிரேக்கை மிதி என்றது. பின்னால் லொறி, அதற்குப் பின்னால் இன்னொன்று. அன்ஹெங்கரில் தூண்கள். நான் மிதிக்கவில்லை. ஒரு கையை நீட்டி அவர் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்தேன். மற்றக் கையால் ஓடினேன். தரிப்பிடத்துக்கான நீலப்பலகை தெரிந்தது. அது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, அந்த வளைவுக்குள் எடுத்தேன். வளைவில் பின்சில்லு ஏறவில்லை என்பதை அந்த நேரத்திலும் பார்த்தேன். பார்த்தேனே என்று பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

லொறிகள் நிற்கும் இடத்தில் நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, அவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். அம்புலன்சுக்கு அடித்தேன். உதறல் மெல்ல அடங்கியது. வாயோரத்தைத் துடைத்துவிட்டேன். பக்கத்து லொறியிலிருந்து ஒரு போலந்துக்காரர் இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல், தன் போர்வையை மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்தார்.

அம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது இவருக்குக் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் அடையாளம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தெரிந்தது.

"எங்கை நிக்கிறம்?"

"றோட்டுக்கரையிலை. ஒண்டுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போறம்."

அவர் கண்கள் என்னைத் தாண்டிப் பின்னால் போயின. "அன்ஹெங்கர்?"

"நிக்குது. சேதமில்லை."

"முகூர்த்தத்துக்கு நேரம் போட்டுதோ?"

நான் அழுதது அப்போதுதான்.

அவரை ஆராவ் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதாகச் சொன்னார்கள். நான் மகளுக்கு அடித்தேன். அவள் சூரிச் ஸ்டேஷனில் நின்றாள். "நான் ஆராவுக்கு இப்பவே வாறன் அம்மா. அரை மணித்தியாலம்," என்றாள். போனை அவர் காதில் வைத்தேன். கதைத்தார், நாக்குத் தடித்து, ஆனால் தெளிவாக. பிறகு என் கையைப் பிடித்தார்.

"நீர் டீட்டிகோனுக்குப் போம்."

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"பிள்ளை வருது எனக்கு. அங்கை ஒரு பொம்பிளை மணவறைக்குக் காத்துக்கொண்டு இருக்கும். போம்."

அம்புலன்ஸ்காரரைப் பார்த்தேன். இப்போதைக்கு ஆபத்தில்லை என்றார் அவர். கூட வந்தாலும் சில மணி நேரம் நீங்கள் வெளியே கதிரையில்தான் இருப்பீர்கள் என்றார். உங்களால் ஓட முடியுமா என்றும் கேட்டார். நான் என் கைகளைப் பார்த்தேன். நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அம்புலன்ஸ் முதலில் போனது. நான் அன்ஹெங்கரைச் சுற்றி நடந்து, கொழுவி, கேபிள், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டு ஏறினேன். ஆராவுக்குப் போகும் வெளியேறுபாதை வந்தது. அதற்குள் திரும்பிவிட வேண்டும் போலிருந்தது. திரும்பவில்லை. பக்கத்து ஆசனத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது, "வலப்பக்கம் ஆள் இல்லை," என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

டீட்டிகோன் மண்டபத்தில் மாப்பிள்ளையின் சிநேகிதப் பெடியள் நாலைந்து பேர் கோட்டைக் கழற்றிவிட்டுத் தூண் தூக்கினார்கள். அவர் எங்கே என்று கேட்டவர்களுக்குச் சுகமில்லை என்றேன். பொம்பிளை வந்து மணவறையில் இருந்தபோது நான் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து மகளுக்கு அடித்தேன். "அப்பா சூப் குடிக்கிறார். உப்புக் காணாதாம்," என்றாள்.

வாகனத்தை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் ஆராவுக்குப் போனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் வந்தது தெரிந்தும் உடனே திரும்பவில்லை.

"நான் ஓடியிருந்தால்?" என்றார்.

"நீங்கள் ஓடேல்லை."

"அண்டைக்குத் திறப்பைத் திருப்பினேனே."

"இறங்கினீங்கள்தானே."

 பாரவாகன லைசன்ஸ் இனிக் கிடைக்காது என்று பிறகு கடிதம் வந்தபோது, வாசித்துவிட்டு மடித்து வைத்தார்.  கம்பனியில் மற்ற லொறிகளுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும் மேசைக்கு அவரை மாற்றினார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். எந்த ஊரில் எந்தப் பாலம் திருத்துகிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லத் தொடங்கினார்.

ஆனால் என்னோடு முன்னால் இருந்து வர மறுத்தார். "நான் ரயிலிலை வாறன்," என்பார். அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான். எனக்கு முந்தியே போய் மண்டபத்து வாசலில் நிற்பார். நான் தனியே ஓடினேன்.

அது எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் எவருக்கும் சொன்னதில்லை. வாரம் முழுவதும் மேசையில் அசையாமல் குனிந்திருந்த உடம்பு, எண்பதில் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். யூரா மலை இடப்பக்கம் கூடவே வரும். பாட்டுப் போட மாட்டேன். கல்யாணம் இல்லாத சனிக்கிழமைகளில் வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளாது. அன்ஹெங்கரின் சில்லுக்குக் காற்றுப் பார்க்க வேண்டும் என்று ஒரு சாட்டுச் சொல்லிக் கீழே இறங்கிவிடுவேன்.

மழை தொடங்கிய ஒரு சனிக்கிழமை, நான் புறப்பட ஆயத்தமானபோது அவர் குடையோடு வந்து பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"ரயில் பிந்துதாம்," என்றார்.

"வாங்கோ," என்றேன். ஆசனத்தில் நான் வைத்திருந்த என் பையை எடுத்துப் பின்னால் போட்டேன். பையைக் கொஞ்சம் மெதுவாகத்தான் எடுத்தேன்.